பாறை வெடிப்பும் கிணற்று நீரும்

நம் கிராமங்களில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. ஒரு விவசாயியின் கிணற்றில் கோடையிலும் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. வரப்புக்கு அப்பால், இருபது கஜ தூரத்தில், அடுத்த நிலத்துக்காரர் ஆழ்துளைக் கிணறு போடுகிறார். எழுநூறு அடி, எண்ணூறு அடி சென்றும் புழுதிதான் பறக்கிறது. நகையை அடகு வைத்துப் பெற்ற பணம் ஒரே இரவில் பாறைக்குள் போய்விடுகிறது. “அவர் ராசி அப்படி” என்று ஊரார் பேசிக்கொள்கின்றனர். சில மாதங்கள் கழித்து அவர் மறுபடியும் கடன் வாங்கி, நிலத்தின் வேறொரு மூலையில் துளையிடத் தொடங்குகிறார்.

இதற்குக் காரணம் ராசி அன்று. நிலத்தின் அடியில் பாறை எவ்வாறு அமைந்திருக்கிறது, அதனுள் நீர் எவ்வழியே செல்கிறது என்பவற்றை ஓரளவு அறிந்துகொண்டால், இத்தகைய நஷ்டங்களில் பலவற்றை நாம் தவிர்க்கலாம். ஊருக்குக் குடிநீர்க் கிணறு அமைக்கும் பொறுப்பை ஏற்றுள்ள பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் இவ்வறிவு இன்றியமையாதது. ஆகவே, இதுபற்றிய சில செய்திகளை ஈண்டு ஆராய்வோம்.

நம் நிலத்தின் அமைப்பு

தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ நூற்றுக்கு 73 பங்கு கடினப் பாறைப் பகுதியாகும். கோயம்புத்தூர், ஈரோடு, சேலம், நாமக்கல், தருமபுரி, திண்டுக்கல் முதலிய மாவட்டங்கள் பெரும்பாலும் இத்தகையனவே. காவிரியின் கழிமுகத்திலும் கடற்கரை ஓரங்களிலும் மணலும் வண்டலும் ஆழமாகப் படிந்துள்ளன. அங்கே மணல்துகள்களின் இடுக்குகள் எல்லாவற்றிலும் நீர் தங்கும். ஓரிடத்தில் தோண்டி நீர் கிடைத்தால், அதற்குப் பக்கத்தில் தோண்டினும் பெரும்பாலும் கிடைக்கும். பாறைப் பகுதியில் இந்தக் கணக்குப் பொருந்துவதில்லை.

கருங்கல்லின் துகள்கள் ஒன்றோடொன்று இறுகப் பின்னிக் கிடப்பவை. சென்னைப் பரங்கிமலைப் பக்கத்தில் கிடைக்கும் ஒருவகைக் கருங்கல் கல்கத்தாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஜாப் சார்னாக் என்பவருடைய கல்லறையில் பதிக்கப்பட்டது. அதனால் அக்கல்லுக்குச் ‘சார்னாக்கைட்டு’ என்ற பெயரே அமைந்துவிட்டது. நம் மலைகளில் பலவும் இக்கல்லால் ஆனவை. வெடிப்பில்லாத சார்னாக்கைட்டுத் துண்டு ஒன்றைத் தொட்டி நீரில் நாள் முழுவதும் போட்டு வைத்தாலும், அது உறிஞ்சும் நீர் மிகச் சொற்பமே. அவ்வாறாயின், இத்தகைய பாறையில் வெட்டிய கிணற்றில் தண்ணீர் எப்படி ஊறுகிறது?

பாறையில் உள்ள வெடிப்புகளின் வழியாகத்தான் ஊறுகிறது. கிணற்றின் பக்கச் சுவரில் ‘ஊற்றுக்கண்’ என்று நாம் காட்டும் இடத்தை உற்று நோக்கினால், அது ஒரு வெடிப்பின் வாயாக இருப்பதைக் காணலாம். சுற்றிலும் பாறை காய்ந்திருக்க, அந்த ஒரு கீற்றில் மட்டும் நீர் கசியும்.

வெடிப்புகள் தோன்றும் வகை

வெடிப்புகள் பலவகையில் தோன்றுகின்றன. பூமிக்குள் மிக ஆழத்தில், பெரும் பாரத்தின் கீழ் உருவான பாறை இது. காலப்போக்கில் மேலே இருந்த பாறை தேய்ந்து நீங்க நீங்க, அடியில் உள்ளது பாரம் குறைந்து சிறிது விரிகிறது. அப்போது தோசைகளை அடுக்கி வைத்தாற்போல, தரைக்கு இணையாகப் பாளம் பாளமாகப் பிரிகிறது. கல்லுடைக்கும் தொழிலாளர் இப்பாளங்களை நன்கு அறிவர். பூமியின் உள்ளழுத்தத்தால் பாறை முறிவதும் நழுவுவதும் மற்றொரு வகை. இவ்வகைப் பிளவுகள் செங்குத்தாகவோ சாய்வாகவோ வெகுதூரம் ஓடும். நீலகிரிக்கும் மைசூர்ப் பீடபூமிக்கும் இடையே மோயாறு ஆழ்ந்த பள்ளத்தில் நெடுந்தூரம் ஏறத்தாழ நேராக ஓடுவதைக் காண்கிறோம். பழைய முறிவு மண்டலம் ஒன்றையே அவ்வாறு தன் வழியாகக் கொண்டுள்ளது. நம் ஊர் ஓடைகளிலும் சில, வளைந்து செல்லாமல் கோடு போட்டாற்போல் செல்வதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

மூன்றாவது வகை, மழைநீரால் உண்டாவது. மேலிருந்து இறங்கும் நீர் பாறையின் சில தாதுக்களை மெல்ல மெல்ல மாற்றுகிறது. அவை உப்பிப் பெருக்கும்போது பாறை விரிசல் காண்கிறது. விரிசல் மேலும் மேலும் பெருகிப் பாறை உதிர்ந்து மக்குகிறது.

மூன்று அடுக்குகள்

கிணறு வெட்டிய எவருக்கும் கீழ்க்காணும் மூன்று அடுக்குகள் தெரிந்தவையே. மேலே மண்வெட்டிக்கு இடங்கொடுக்கும் மண். அதன் கீழ், கடப்பாரையால் குத்தினால் உதிரும் மக்கிய பாறை. அதற்கும் கீழே, வெடிமருந்துக்கு மட்டும் இளகும் கரும்பாறை. இம்மூன்றாம் அடுக்கின் மேற்பகுதியில் வெடிப்புகள் மிகுதியாக இருக்கும். கீழே செல்லச் செல்ல அவை அருகும். இருப்பவையும் மேலுள்ள பாறையின் பாரத்தால் ஒடுங்கிவிடும்.

ஹைதராபாத்துக்குத் தெற்கே மகேசுவரம் என்ற இடத்தில், ஏறத்தாழ 53 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியில், தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தாரும் பிரெஞ்சு நிலவியல் அறிஞர்களும் பல ஆண்டுகள் கூடி ஆராய்ந்தனர். அது முழுவதும் கருங்கற்பாறை நிலம். எழுநூறுக்கு மேற்பட்ட ஆழ்துளைக் கிணறுகள் அங்கே பாசனத்துக்கு இயங்கின. நீர் செல்லும் வெடிப்புகளில் பெரும்பாலானவை தரையிலிருந்து ஏறத்தாழ 40 மீட்டருக்குள், அதாவது 130 அடிக்குள் அமைந்திருப்பதை அவர்கள் கண்டனர். இறைப்பு மிகுந்தமையால் நீர்மட்டம் மக்கிய அடுக்குக்குக் கீழே இறங்கிவிட்டதும் புலப்பட்டது.

எல்லா ஊர்களிலும் இதே அளவு பொருந்தும் எனக் கொள்ளலாகாது. பெரிய முறிவு மண்டலம் ஒன்று குறுக்கிட்டால் அறுநூறு அடியிலும் நீர் கிடைப்பதுண்டு. ஆயினும், கீழே செல்லச் செல்ல வாய்ப்புக் குறைகிறது என்பதே பொது விதி. ‘இன்னும் நூறு அடி போனால் கட்டாயம் தண்ணீர்’ என்ற பேச்சை நம்பி மேலும் பணம் செலவிடுவோர் இதை மறத்தலாகாது.

வெடிப்பின் அகலம்

ஒரு வெடிப்பு எவ்வளவு நீர் தரும் என்பது முதன்மையாக அதன் அகலத்தைப் பொறுத்தது. இதில் வியப்பான கணக்கு ஒன்று உள்ளது. மற்றவை சமமாக இருக்க, அகலம் இரு மடங்கானால் நீரோட்டம் இரு மடங்கு ஆவதில்லை. எட்டு மடங்கு ஆகிறது. அகலம் பத்து மடங்கானால் ஆயிரம் மடங்கு ஆகிறது. எனவே, ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள வெடிப்பு ஒன்று, அதில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள ஆயிரம் வெடிப்புகளுக்கு ஈடாகும்.

இருபது கஜ இடைவெளியில் ஒருவருக்கு நீரும் மற்றவருக்குப் புழுதியும் கிடைத்ததன் காரணம் இப்போது விளங்கும். முதலாமவரின் துளை அகன்ற வெடிப்பு ஒன்றைத் தொட்டது. இரண்டாமவரின் துளை மயிரிழை போன்ற விரிசல்களை மட்டுமே கடந்து சென்றது. ஆறரை அங்குல அகலமுள்ள துளை, செங்குத்தாக நிற்கும் பிளவுக்கு ஓர் அடி விலகிச் சென்றாலும் அதைத் தொடாமலே ஆயிரம் அடி இறங்கிவிடக்கூடும். நம் முன்னோர் அகன்ற கிணறுகளாக வெட்டியதில் பெரும் பயன் இருந்தது. அகன்ற கிணறு பல வெடிப்புகளைக் குறுக்கே வெட்டும். இரவெல்லாம் கசியும் நீரைச் சேர்த்து வைத்துக் காலையில் கமலைக்குத் தரும். கொங்கு நாட்டில் கிணற்றின் அடியிலிருந்து பக்கவாட்டில் துளையிடும் வழக்கமும் செங்குத்துப் பிளவுகளைத் தேடிச் செல்வதற்காகவே ஏற்பட்டது.

களஞ்சியமும் வாய்க்காலும்

இனி நாம் கவனிக்க வேண்டியது மிக முக்கியமான செய்தி. வெடிப்பு நீரைக் கொண்டுவரும். ஆனால் அதிக நீரைச் சேர்த்து வைத்திருக்காது. களஞ்சியமாக இருப்பது அதன் மேலுள்ள மக்கிய பாறை அடுக்கேயாகும். வெடிப்பு அக்களஞ்சியத்திலிருந்து நம் கிணற்றுக்கு வரும் வாய்க்கால்.

நிலத்தடி நீரைக் கணக்கிடுவோர், களிமண் மிகாத மக்கிய பாறை தன் கொள்ளளவில் நூற்றுக்கு 3 பங்கு நீரை விட்டுக்கொடுக்கும் என்றும், வெடிப்புக் குறைந்த திண்ணிய பாறை 0.3 பங்கே விட்டுக்கொடுக்கும் என்றும் பொதுவாகக் கொள்வர். இதன்படி, ஓர் ஏக்கர் நிலத்தின் அடியில் மக்கிய அடுக்கில் நீர்மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், நமக்குக் கிடைத்த நீர் ஏறத்தாழ 37,000 லிட்டர். அந்த அடுக்கு வற்றித் திண்ணிய பாறைக்குள் ஓர் அடி தாழ்ந்தால் கிடைப்பது 3,700 லிட்டரே. அதே அளவு தண்ணீருக்கு அங்கே பத்தடி இறங்க வேண்டும். மேல் அடுக்கில் இருந்தவரை பல ஆண்டுகள் மெல்லத் தாழ்ந்து வந்த நீர்மட்டம், பின்னர் ஒரே கோடையில் சரேலென்று இறங்குவதன் மர்மம் இதுதான்.

புதிதாகப் போட்ட ஆழ்துளைக் கிணற்றில் முதல்நாள் நீர் பீறிட்டு எழுந்தால் நாம் மகிழ்கிறோம். அது வாய்க்கால் அகலமானது என்பதைக் காட்டுமேயன்றி, களஞ்சியம் நிறைந்திருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. அகன்ற வாய்க்கால் களஞ்சியத்தை விரைவில் காலி செய்துவிடவும் கூடும். மாசியில் பீறிட்ட கிணறு வைகாசியில் காற்றை இறைப்பதை நாம் கண்டிருக்கிறோம் அல்லவா?

களஞ்சியத்தை நிரப்புவது மழை ஒன்றே. ஆண்டுக்கு 90 சென்டிமீட்டர் மழை பெய்யும் இடத்தில், ஓர் ஏக்கரில் விழும் நீர் ஏறத்தாழ 36 லட்சம் லிட்டர். பாறை நிலத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு கீழே இறங்கினாலே நல்லது எனலாம். அது 3.6 லட்சம் லிட்டர். நிமிடத்துக்கு 300 லிட்டர் இறைக்கும் பம்பு செட் அதனை இருபது மணி நேரத்தில் இறைத்துவிடும். ஓர் ஏக்கருக்கு ஓர் ஆண்டு முழுவதும் மழை தந்த நீர், ஒரு நாள் இறைப்புக்குக்கூடப் போதவில்லை. மீதி நாட்களில் நாம் இறைப்பது சுற்றியுள்ள நிலங்களின் அடியிலிருந்து வெடிப்புகளின் வழியே வந்து சேரும் நீரேயாகும்.

ஆகவே, ஊரில் எத்தனை கிணறுகள் இருந்தாலும், ஒரே வெடிப்புத் தொடரில் அமைந்தவை ஒரே களஞ்சியத்தில் கை வைப்பவையே. ஒருவர் தம் துளையை ஆழமாக்கும்போது ஊருக்குப் புதிய நீர் ஒன்றும் உண்டாவதில்லை. இருக்கும் நீர் அவர் பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான். அடுத்தவரும் ஆழமாக்குகிறார். ஈற்றில் இருவரும் கடன்காரர் ஆகின்றனர்; குடிநீர்க் கிணறும் வற்றுகிறது.

இடம் தேர்தல்

நிலத்தடியில் நீர் நரம்புகள் போல ஓடுகிறது என்ற கருத்து நம் நாட்டுக்குப் புதியதன்று. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத் சம்கிதையில், மரங்களையும் கறையான் புற்றுகளையும் கொண்டு நீர் நரம்புகளை அறியும் வழிகளைத் தனி அத்தியாயமாகவே கூறியுள்ளார். நிலத்தின் மேல் தோன்றும் குறிகளை நோக்கும் அனுபவ அறிவு மதிக்கத்தக்கது. நேராக ஓடும் ஓடை, கோடையிலும் பசுமை மாறாத மரங்களின் வரிசை, அகன்ற தாழ்நிலம், நல்ல கிணறுகள் ஒரே கோட்டில் அமைந்திருத்தல் ஆகியவை வெடிப்பைக் காட்டக்கூடும். வெங்கச்சங்கல் ஓடும் கோட்டிலும், அக்கல் எளிதில் நொறுங்குவதாதலால், நீர் கிடைப்பதுண்டு. கரும்பாறைச் சுவர் போல நிலத்தின் குறுக்கே செல்லும் ஒருவகைப் பாறை, வெடிப்பின்றி இருந்தால் நீரைத் தடுக்கும். அத்தகைய இடத்தில் சுவருக்கு மேற்புறம் உள்ள கிணறு நிறைந்தும் கீழ்ப்புறம் உள்ளது வறண்டும் இருக்கலாம். ஆனால் தேங்காயையும் வேப்பங்குச்சியையும் கையில் ஏந்தி நீரோட்டம் பார்க்கும் முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை.

வானிலிருந்து எடுத்த படங்களில் நீண்ட முறிவுக் கோடுகளை நிலவியலார் காண்கின்றனர். பின்னர் நிலத்தில் மின்சாரத்தைச் செலுத்தி, அதற்கு எதிர்ப்பு எங்கே குறைகிறது என்று அளக்கின்றனர். மக்கிய அடுக்கின் கனத்தை இம்முறை நன்கு காட்டும். ஆனால் நீர் இருந்தாலும் எதிர்ப்புக் குறையும், களிமண் இருந்தாலும் குறையும். ஆழத்தில் உள்ள மெல்லிய வெடிப்பு இதற்குத் தென்படுவதும் அரிது. எனவே, இச்சோதனை தோல்வியைக் குறைக்குமேயன்றி அறவே நீக்காது. இதனை அறிந்தே நாம் பயன்படுத்த வேண்டும். துளைக்கும் செலவோடு ஒப்பிட்டால் சோதனைக்கு ஆகும் செலவு சிறிதே.

வெடிப்பின் வழியே வரும் தீங்கு

மணலில் மெல்ல ஊறிச் செல்லும் நீர் வடிகட்டப்பட்டுத் தெளிகிறது. அகன்ற வெடிப்பில் அத்தகைய வடிகட்டல் நிகழ்வதில்லை. மலக்குழியின் கசிவும் சாக்கடை நீரும் வெடிப்பில் இறங்கினால், குறுகிய காலத்தில் குடிநீர்க் கிணற்றை அடைந்துவிடக்கூடும். அன்றியும், வெடிப்பின் போக்கு தரையின் சரிவோடு எப்போதும் ஒத்திருப்பதில்லை. ‘குழி பள்ளத்தில்தானே இருக்கிறது’ என்று அலட்சியமாக இருத்தல் ஆகாது. குடிநீருக்கான ஆழ்துளைக் கிணற்றில் மேற்குழாயைத் திண்ணிய பாறையில் நன்கு ஊன்றி, சுற்றிலும் சிமெண்டுக் கலவையால் அடைக்க வேண்டும். வாயைச் சுற்றி மேடையும் அமைக்க வேண்டும்.

நீர் கிடைக்காமல் கைவிடப்பட்ட துளைகளைத் திறந்து போடுதல் பெருங்கேடு. அழுக்கு நீர் வெடிப்புகளை அடைய அது நேர்வழி. அதைவிடக் கொடிது, குழந்தைகளின் உயிருக்கு ஏற்படும் ஆபத்து. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் அத்தகைய துளையில் விழுந்து மாண்ட குழந்தையை நாம் மறந்திருக்க முடியாது. உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டிலேயே இதற்கு நெறிகள் வகுத்துள்ளது. துளையிடுவதற்குப் பதினைந்து நாட்களுக்கு முன் எழுத்து மூலம் அதிகாரிகளுக்கும் பஞ்சாயத்துத் தலைவருக்கும் அறிவித்தல், கைவிட்ட துளையை அடியிலிருந்து தரை மட்டம் வரை மண்ணும் கல்லும் கொண்டு நிரப்புதல் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

பஞ்சாயத்து செய்ய வேண்டியவை

முதலாவதாக, கிணற்றுப் பதிவேடு ஒன்றைத் தொடங்க வேண்டும். ஊரில் புதிதாகத் துளையிடும் ஒவ்வொரு இடத்துக்கும், மேற்குழாய் எத்தனை அடி இறக்கப்பட்டது, எத்தனையாவது அடியில் நீர் தட்டியது, எவ்வளவு நீர் வந்தது, துளை எத்தனை அடியில் நின்றது என்பவற்றை எழுதி வைக்க வேண்டும். இவை துளையிடும் இயந்திரத்தார் அறிந்தவையே. எழுதாமையால் மறுநாளே மறைந்து போகின்றன. நீர் கிடைக்காத துளைகளையும் தவறாமல் எழுத வேண்டும். மேற்குழாயின் நீளம், மக்கிய அடுக்கின் கனத்தை ஏறத்தாழக் காட்டிவிடும். ஐம்பது துளைகளின் குறிப்பு சேர்ந்தால், ஊரின் வெடிப்புத் தொடர்களைக் காட்டும் வரைபடம் தானே உருவாகும். ஐம்பத்தொன்றாவது விவசாயி தம் நகையை அடகு வைக்கும் முன் அதைப் பார்க்கலாம்.

இரண்டாவதாக, நான்கு திசைக்கு ஒன்றாகச் சில கிணறுகளைத் தேர்ந்து, மாதம் ஒருமுறை நீர்மட்டத்தை அளக்க வேண்டும். இதற்கு ஒரு கயிறும் கல்லும் போதும். ஒரு கிணற்றில் இறைக்கும்போது மற்றொன்றில் மட்டம் தாழ்ந்தால், இரண்டும் ஒரே வெடிப்பைச் சேர்ந்தவை என ஊகிக்கலாம். அத்தகைய கிணற்றுக்காரர்கள் முறை வைத்து இறைப்பது இருவருக்கும் நன்மை.

மூன்றாவதாக, களஞ்சியத்தை நிரப்பும் வேலை. ஏரி, குளம், ஊருணிகளில் வண்டல் எடுத்து வரத்து வாய்க்கால்களைச் செம்மை செய்ய வேண்டும். வயல்களில் வரப்பை உயர்த்தி, ஓடைகளில் தடுப்பணை கட்ட வேண்டும். நீர் மெல்ல இறங்குவதற்கு அவகாசம் கிடைத்தால் மக்கிய அடுக்கு நிரம்பும். வற்றிய கிணற்றில் மழைநீரை விடும்போது, கல், சரளை, மணல் நிரப்பிய வடிகுழியின் வழியே தெளிவித்தே விடுதல் வேண்டும். கலங்கல் நீரை நேரே விட்டால் சேறு வெடிப்புகளை அடைத்து, ஊற்றுக்கண்ணை நாமே மூடியவர்கள் ஆவோம்.

ஆண்டுதோறும் மார்ச் 22-ஆம் நாள், உலக நீர் நாளை முன்னிட்டு, நம் கிராம சபைகள் கூடுகின்றன. கோடையின் வாயிலில் வரும் அந்நாளில், கிணற்றுப் பதிவேட்டைச் சபையில் உரக்கப் படிக்கச் செய்தல் நலம். எந்தக் கிணற்றில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று எல்லோரும் கேட்ட பின், அவ்வாண்டுக் கோடையில் கரும்பா சோளமா என்பதை ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்துகொள்வர். பதிவேட்டுக்கு வேண்டுவது ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பென்சிலும்தான். அடுத்த துளையிடும் இயந்திரம் ஊருக்குள் வருமுன் அவை ஆயத்தமாக இருக்கட்டும்.